பனியில் அளந்த காய்ச்சல்

முதலில் காணாமல் போனது பலாப்பழ வாசனை.

ஆனி மாதம். காப்பிச் செடிக்கு நிழலாக நிற்கிற பலா மரங்களில் பழம் தானாக வெடித்து விழும் காலம். ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் அந்த மாதத்தில் பலாப்பழத்தை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை, அதுவே நம்மைத் தேடி வரும். அன்று காலை ஒரு பழம் என் காலடியில் பிளந்து கிடந்தது. ஈ மொய்க்கிறது, மஞ்சள் சுளை தெரிகிறது, எனக்கு மட்டும் ஒன்றும் மணக்கவில்லை. குனிந்து ஒரு சுளையைப் பிய்த்து மூக்கருகே வைத்துப் பார்த்தேன். வெறும் ஈரம்.

“மூக்கு உள்ள மட்டும் சளி” என்று சொல்வார்கள். மழை இறங்கிய பிறகு மலையில் சளி பிடிக்காத மூக்கு கிடையாது. அடைத்திருக்கிறது போல என்று நடையைக் கட்டினேன். என் மூக்கில் அப்போது சளியே இல்லை என்பது இரண்டு நாள் கழித்துத்தான் புத்திக்கு எட்டியது.

வீட்டில் ஒருவர் இருமிக்கொண்டு படுத்திருக்க, இது அதுவா இல்லையா என்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட எஸ்டேட் ரைட்டர். ஆட்களுக்கு வருகை போட்டு வேலை பிரித்துக் கொடுப்பவன். மீதிப் படிப்பை மளிகைப் பொட்டலம் சுற்றி வந்த காகிதத்திலும், பேசுகிறவர்கள் வாயிலும் படித்தேன். அதனால் பெரிய வார்த்தைகளை எனக்குப் புரிந்த அளவில்தான் சொல்ல முடியும்.

கொரோனா வந்த முதல் வருஷம் அது. பஸ் நின்றுவிட்டது. ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்கில் கடைகள் பாதி நேரம்தான் திறந்திருந்தன. எஸ்டேட்டில் பாதி ஆளை வைத்துக் களையெடுக்கலாம் என்று அனுமதி வந்தபோது, கூடவே ஒரு காகிதமும் வந்தது. தினமும் காலையில் கேட்டில் நிறுத்தி ஒவ்வொருவரையும் சோதித்து நோட்டில் எழுத வேண்டும். ரைட்டர் இருக்கிற இடத்தில் எழுத்து வேலை வேறு யாருக்குப் போகும்?

அந்தக் காகிதம் எனக்கு மனப்பாடம். காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, மூச்சுத் திணறல் உண்டா. இது ஒரு பக்கம். கடந்த பதினாலு நாளில் வெளிநாடோ நோய் பரவிய ஊரோ போய் வந்தாரா, நோய் உறுதியான ஒருவரோடு நெருங்கிப் பழகினாரா. இது மறுபக்கம். இரண்டு பக்கத்திலும் ஒரு ‘ஆம்’ விழுந்தால் அவர் சந்தேகத்துக்குரியவர் (பரிசோதித்துப் பார்க்க வேண்டியவர்). பரிசோதனையில் கிருமி தெரிந்தால் உறுதியானவர். இரண்டிலும் அகப்படாதவர் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறலாம்.

ஏற்காட்டைத் தாண்டாத பெண்களிடம் தினமும் காலையில் வெளிநாடு போனீங்களா என்று கேட்பது எனக்கே கூச்சமாக இருந்தது. எங்கள் லயனில் (எஸ்டேட் ஆட்களுக்கான வரிசை வீடுகள்) பக்கத்து வீட்டுக்காரி ராசாத்தி ஒருநாள், “போனேனுங்க ரைட்டரே. நேத்துக் கனாவுல சிங்கப்பூர் போய்ட்டு வந்தேன். அங்கயும் களைதான் புடுங்க உட்டாங்க, எழுதிக்குங்க” என்றாள். கேட்டில் நின்ற கூட்டமே சிரித்தது.

காய்ச்சல் பார்க்க நெற்றிக்கு நேராகப் பிடிக்கிற கருவி ஒன்று கொடுத்திருந்தார்கள். துப்பாக்கி என்றுதான் எல்லோரும் சொன்னோம். அதில் தொண்ணூத்தொன்பதைத் தாண்டினால் ஆளைத் திருப்பி அனுப்ப வேண்டும். யாருக்கும் தாண்டவில்லை. தொண்ணூத்தஞ்சு, தொண்ணூத்திநாலு, சிலருக்குத் தொண்ணூத்திரண்டு. எங்கள் வாட்ச்மேன் பொன்னுசாமி, ராசாத்தியின் கணவர், “என்ன ரைட்டரே, நாளுக்கு நாள் கொறையுது. உசுரு இருக்குதான்னு ஒருக்கா நல்லாப் பாருங்க” என்பார். மலைக்காற்று உடம்பைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது என்று நான் எல்லோருக்கும் விளக்கம் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன்.

அந்தப் பொன்னுசாமிக்குத்தான் முதலில் இருமல் கூடியது. நாற்பது வருஷமாகப் பீடி குடித்து இருமியவர், அதனால் அவர் இருமலை யாரும் இருமலாகவே எண்ணவில்லை. நான்கு நாள் வேலைக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் போய்விட்டார். நெஞ்சுச் சளி என்றார்கள். கடைசியாக அவர் கேட்டுக்கு வந்த அன்று நான் எழுதியது என் நோட்டில் இருக்கிறது: தொண்ணூத்திமூணு. இல்லை. இல்லை. இல்லை.

அவர் காரியம் முடிந்த வாரத்தில்தான் எனக்குப் பலாப்பழம் மணக்காமல் போனது. என் பெயருக்கு நேராகவும் நான் ‘இல்லை’ என்றே எழுதினேன். வாசனைக்குக் காகிதத்தில் கட்டமே கிடையாது.

என் மனைவி செல்வியும் களையெடுப்பில்தான் இருந்தாள். லயனிலிருந்து எஸ்டேட் கேட் வரை ஒரே மேடு. கல்யாணமான நாளிலிருந்து அவள் முன்னால் ஏறுவாள், நான் பேசிக்கொண்டே பின்னால் வருவேன். “வாய் நடக்கற அளவுக்குக் கால் நடந்தா எப்பவோ போய்ச் சேர்ந்திருப்போம்” என்று மேலிருந்து சத்தம் போடுவாள். அந்த வாரம் அவள் எனக்குப் பின்னால் வந்தாள். கவனித்தேன். “இன்னிக்கு என்ன, எனக்கு மரியாதையா?” என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. சொல்ல மூச்சு இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

பலாப்பழம் மணக்காமல் போன மூன்றாம் நாள் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்திருந்தவள் தண்ணீர் கேட்டாள். சொம்பைக் கொடுக்கும்போது அவள் கை பட்டது. அடுப்புச் சூடு என்று முதலில் நினைத்தேன். கழுத்தில் கை வைத்தேன். கொதித்தது. பையில் துப்பாக்கி இருந்தது. எடுத்து நெற்றியில் பிடித்தேன். நூற்றொன்று.

அன்று காலை கேட்டில் இதே நெற்றிக்குத் தொண்ணூத்தஞ்சு என்று எழுதியிருந்தேன்.

கருவி கெட்டுவிட்டதோ என்று திரும்பத் திரும்பப் பிடித்தேன். நூற்றொன்றுதான். ஒரு சந்தேகம் வந்தது. அவளை வாசலுக்கு வரச் சொல்லி, மூடுபனியில் சிறிது நேரம் நிற்க வைத்தேன். “காச்சக்காரியக் கொண்டாந்து பனியில நிறுத்தறீங்களே, ஏனுங்க, புத்தி கெட்டுப் போச்சா?” என்று முணுமுணுத்தாள். மறுபடி பிடித்தேன். தொண்ணூத்தாறு. நெற்றியில் ஈரம் பூத்திருந்தது. சேலைக்குள் கழுத்து அப்படியே கொதித்துக்கொண்டிருந்தது.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலை ஏழு மணிக்குப் பனிக்குள் அரை மணி நேரம் ஏறி வந்தவர்களின் நெற்றியைத்தான் நான் இத்தனை நாளும் அளந்திருக்கிறேன். நோட்டு முழுக்க என் கையெழுத்தில் இருந்தது பனியின் சூடு. ஒருவர் உடம்புச் சூடும் அதில் இல்லை.

நர்சம்மாவுக்குப் போன் போட எடுத்தேன். செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லாதீங்க. விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு நீங்கதான சொல்லுவீங்க, நாளைக்குச் சரியாப் போயிரும். இப்பச் சொன்னா லயனையே தகரம் வெச்சு அடைச்சுப்புடுவாங்க. என் ஒருத்தியால இருவது ஊட்டு அடுப்பு அணையோணுமா?”

அவள் சொன்னது வீண் பயம் இல்லை. ஒருவர் கேஸ் என்றால் மொத்த லயனுக்கும் பதினாலு நாள் வேலை கிடையாது. பேசிப் பேசிக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். காய்ச்சலை மட்டும் சொல்வது. மற்றதை வாய்க்குள் போட்டுக்கொள்வது.

காலையில் நர்சம்மா வந்தார். எங்கள் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியர். பஸ் இல்லாத அந்த நாட்களில் கால்நடையாகவே மலை ஊர்களைச் சுற்றியவர். வாசலில் தள்ளி நின்று காகிதத்தைப் பார்த்துக் கேட்டார். வெளியூர்? இல்லீங்க. உறுதியான கேஸ் யாரோடயாவது பழகினீங்களா? இல்லீங்க. பொன்னுசாமி என் நினைவுக்கு வந்தார். ஆனால் அவரை யாரும் பரிசோதிக்கவில்லை. உறுதியானவரோடு பழகியிருந்தால்தான் பரிசோதனை, பரிசோதித்தால்தான் உறுதியானவர். தன் வாலைத் தானே துரத்தும் நாய் மாதிரி அந்த இடத்தில் காகிதம் சுற்றி வந்தது. இருமல்? லேசாத்தானுங்க. மூச்சுத் திணறல்? இல்லவே இல்லீங்க என்று செல்வி பாயில் உட்கார்ந்தபடி சொன்னாள். கேட்க நல்ல தெளிவாகவே இருந்தது.

விரலில் ஆக்ஸிமீட்டர் மாட்டினார் (ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் சின்னக் கருவி). விரல் சில்லிட்டிருந்ததால் எண் நிற்கவில்லை. அடுப்பருகே கையைக் காய வைத்து மறுபடி மாட்டினோம். தொண்ணூத்திநாலு. “தொண்ணூத்தஞ்சாவது இருக்கோணும் அண்ணா. இது ரெண்டுங்கெட்டான். சாயங்காலம் மறுபடி வந்து பாக்கறேன்” என்று கருவியைத் துடைத்துப் பையில் வைத்தார்.

எனக்குள் என்ன ஓடியது என்று சொன்னால்தான் இதைப் படிப்பவர்களுக்குப் பயன்படும். ஓடியது ராசாத்தி முகம் இல்லை, இருபது வீட்டு அடுப்பு இல்லை. செல்வி எனக்குப் பின்னால் ஏறி வந்தாளே, அதுதான்.

“நர்சம்மா, கொஞ்சம் நில்லுங்க. ஒக்காந்திருக்கறவளக் கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவா. அந்தச் சில்வர் ஓக் மரம் வரைக்கும் ஏறி எறங்கச் சொல்லிட்டு, அப்பறம் மாட்டிப் பாருங்க.”

செல்வி என்னைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் அப்படிப் பார்த்ததில்லை. எழுந்து நடந்தாள். பாதி மேட்டில் ஒரு காப்பிச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மரத்தைத் தொடாமலே திரும்பினாள். கருவி எண்பத்தாறு என்று காட்டியது.

நர்சம்மா பேனாவை எடுத்தார். மூச்சுத் திணறல் என்ற இடத்தில் ‘உண்டு’ என்று எழுதினார். பிறகு என்னிடம், வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். அப்போதுதான் என் வாசனையைப் பற்றிச் சொன்னேன். அது அவர் கையிலிருந்த காகிதத்தில் இல்லை. இருந்தாலும் ஓரத்து வெள்ளையில் குறித்துக்கொண்டார். அந்த ஓரக் குறிப்புக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன்.

ஆம்புலன்ஸ் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலத்துக்குப் போனது. எனக்கு வாய் ஓயாது என்று ஊரே சொல்லும். அன்று ஓய்ந்தது.

ஓரக் குறிப்பைப் பார்த்து எனக்கும் சேர்த்து இருவருக்கும் பரிசோதனை எடுத்தார்கள் (மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்துக் கிருமி தேடுவது). முடிவு வர ஒன்றரை நாள். அதற்குள் செல்விக்கு ஆக்சிஜன் வைத்துவிட்டார்கள். முடிவு வந்தபோது அவளுக்கு ‘இல்லை’ என்றும் எனக்கு ‘உண்டு’ என்றும் இருந்தது. மூச்சுக்குத் தவித்தவளுக்கு நோய் இல்லை, தெம்பாக நடக்கிற எனக்கு நோய். இரண்டு சீட்டும் மாறிவிட்டது என்றே நினைத்தேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். கவச உடைக்குள் கண்கள் மட்டும் தெரியும், வயது சின்னது. சி.டி. ஸ்கேனில் (நெஞ்சைச் சீவிச் சீவிப் பார்க்கும் படம்) செல்வியின் நுரையீரல் இரண்டு பக்கமும் வெள்ளையாக இருக்கிறது, சீட்டு என்ன சொன்னாலும் இந்த நோய் என்றே வைத்து வைத்தியம் செய்கிறோம் என்றார். பஞ்சுக்குச்சியில் சில நேரம் கிருமி ஒட்டாமல் போய்விடுமாம். உங்களுக்கு உறுதியானதால் இவர்களும் உங்களோடு பழகியவர் என்ற கணக்கில் வருகிறார்கள், மறுபடி எடுத்திருக்கிறோம் என்றார். இரண்டாவது முறை அவளுக்கும் ‘உண்டு’ என்று வந்தது.

“நோய்க்கும் பார், பேய்க்கும் பார்னு எங்க பக்கம் சொல்றதுங்க” என்றேன். அவர் சிரித்தது கண்ணில் தெரிந்தது. தைரியம் வந்து, வாசனை ஏன் காகிதத்தில் இல்லை என்று கேட்டேன்.

“இப்பச் சேர்த்துட்டு இருக்காங்க ஐயா. உங்கள மாதிரி நெறைய பேர் சொன்னதுக்கு அப்புறம்தான் சேர்க்கறாங்க. புது நோய். பட்டியல் எழுதறவங்களும் நோயாளிகிட்டத்தான் கத்துக்கணும்.”

நான் காப்பிக்கொட்டை சலிப்பதைக் கூட நின்று பார்க்கிறவன், அதனால் இதை எனக்குத் தெரிந்த வழியில் விளங்கிக்கொண்டேன். சல்லடையின் கண் பெரிதாக இருந்தால் வேண்டியதும் கீழே போய்விடும். சிறிதாக இருந்தால் கல்லும் குச்சியும் மேலேயே தங்கிவிடும். எந்தக் கண் சரி என்று புதுக் கொட்டை வந்த அன்றே யாருக்கும் தெரியாது. அதற்காகச் சல்லடையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. நான் செய்த தப்பு சல்லடையை நம்பியது இல்லை. சலித்துக் கீழே விழுந்ததை ஒருநாளும் குனிந்து பார்க்காததுதான்.

செல்வியைக் குப்புறப் படுக்க வைத்தார்கள் (முதுகுப் பக்கத்து நுரையீரலுக்குக் காற்று போக). எனக்கு வேறு வார்டு. ஐந்து நாள் அவளுடைய ஆக்சிஜன் எண் எண்பத்தெட்டுக்கும் தொண்ணூறுக்கும் நடுவில் ஊசலாடியது. ஆறாம் நாள் போனில் முதல் தடவையாகப் பேசினாள். மூச்சுக்கு நடுவில் ஒவ்வொரு சொல்லாக வந்தது. “லயன… அடைச்சுட்டாங்களா?” அடைத்துவிட்டார்கள் என்றேன். போனை வைத்துவிட்டாள்.

பத்தொன்பதாம் நாள் இருவரும் மலையேறினோம். எங்கள் லயனில் எல்லோரையும் பரிசோதித்ததில் ஒன்பது பேருக்கு நோய் இருந்திருக்கிறது. அதில் இரண்டு பேரை நேரத்தோடு கீழே கொண்டு போனார்கள். அவர்களும் திரும்பி வந்தார்கள். தகரத்தை எடுத்த பிறகும் சில வீடுகள் எங்களோடு பேசவில்லை. நான் அதைக் குற்றம் சொல்ல மாட்டேன். வயிறு காய்ந்த நாளில் வாய் எப்படிப் பேசும்?

ராசாத்தி வந்தாள். களிக் கிண்ணத்தைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

“எங்க ஊட்டுக்காரருக்கும் இதுதானுங்களா ரைட்டரே?”

தெரியாது என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அது உண்மையும்கூட. பொன்னுசாமி எந்தப் பட்டியலிலும் இல்லை, இனி ஏறவும் முடியாது. ஆனால் நான் அவரை அளந்த விதம் எனக்குத் தெரியும். “இதாத்தான் இருக்கோணும் ராசாத்தி. நான் அன்னிக்குப் பனியத்தான் அளந்திருக்கறேன்” என்றேன்.

“நீங்க தடுத்திருந்தாலும் அவுரு கேக்கற ஆளில்ல” என்றாள். பிறகு, “பேரு தெரிஞ்சா அழுவறதுக்கு ஒரு வழி கெடைக்குது, அவ்வளவுதான்” என்று எழுந்து போனாள். நான் கேட்ட எத்தனையோ சொலவடைகளில் இதை மட்டும் யாரிடமும் எடுத்துச் சொன்னதில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

அவள் போன பிறகு செல்வி, “ஏனுங்க, அன்னிக்கு நான் சொன்னதக் கேட்டிருந்தீங்கன்னா இந்தக் களிய ஆரு தின்னுருப்பா?” என்றாள். மன்னிப்பு என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்குவதில்லை. அது இப்படித்தான் வந்தது.

இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லாதீர்கள். போன வாரம் செய்ய முடிந்து இந்த வாரம் முடியாமல் போனது எதுவோ, அதைச் சொல்லுங்கள். காகிதத்தில் இடம் இல்லாவிட்டாலும் சொல்லுங்கள், யாராவது ஓரத்தில் எழுதிக்கொள்வார்கள். காய்ச்சல் பார்ப்பதென்றால் உடம்பை முதலில் வீட்டுக்குள் சூடாக உட்கார வையுங்கள். உங்கள் மனைவி எப்போதும் முன்னால் நடப்பவராக இருந்து ஒருநாள் பின்னால் வந்தால், நின்று திரும்பிப் பாருங்கள்.

என் மூக்கு மூன்று மாதத்தில் பாதி திரும்பியது. செல்வியின் நெஞ்சு அப்படித் திரும்பவில்லை. நுரையீரலில் தழும்பு தங்கிவிட்டது, இனி அது போகாது, இருப்பதை வைத்து நடக்கப் பழகுங்கள் என்றார் டாக்டரம்மா. களையெடுப்பை விட்டுவிட்டாள். லயனிலிருந்து கேட்டுக்கு முன்பெல்லாம் அரை மணி. இப்போது நான்கு நிறுத்தம். எந்த இடத்தில் நிற்பது என்பதை அவள்தான் சொல்வாள். நானும் நிற்கிறேன். முதல் வருஷம் நிற்கும்போதெல்லாம் எனக்குக் கால் பரபரத்தது, கடிகாரத்தைப் பார்த்தேன். இப்போது பார்ப்பதில்லை. அவள் மூச்சு சீராகிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்பேன். பேசாமல் நிற்க நான் கற்றுக்கொண்டது அங்கேதான்.

போன மாதம் இரண்டாம் நிறுத்தத்தில் கல்லில் உட்கார்ந்திருந்தோம். மலை பார்க்க வந்த ஒரு இளம் ஜோடி, வழி தவறிக் காப்பித் தோட்டத்துக்குள் இறங்கி வந்தது. பஸ் நிற்கிற இடத்துக்கு இங்கிருந்து நடந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்கள்.

செல்வி மூச்சைச் சேர்த்துக்கொண்டாள்.

“எனக்குங்களா, உங்களுக்குங்களா?”

அவர்கள் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எந்த நேரத்தைச் சொல்வது என்று தெரிந்துகொள்ள அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.